முட்டையால் பரவும் நோய்: தட்டிலிருந்து பண்ணை வரை தடம் தேடுவது எப்படி?

புது தில்லி: பச்சை முட்டையைக் கொண்டு தயாரிக்கப்படும் மயோனைஸுக்குக் கேரளம் 2023 ஜனவரியில் தடை விதித்தது. தெலங்கானா 2024 அக்டோபர் 30-ஆம் தேதியும், தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி முதலும் ஓராண்டுத் தடையை அறிவித்தன. கேரளத்திலும் ஹைதராபாதிலும் உணவகப் பண்டங்களைச் சாப்பிட்டோர் உயிரிழந்ததும், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் அந்த மாநிலங்களின் நடவடிக்கைக்குப் பின்னணியாக அமைந்தன. சால்மோனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் பரவக்கூடும் என்பதைத் தமிழ்நாடு அரசின் அறிவிக்கை காரணமாகச் சுட்டியது.

மூன்று மாநிலங்களின் நடவடிக்கையும் மயோனைஸ் என்ற பண்டத்தைப் பற்றியது. முட்டை வந்த பண்ணையைப் பற்றியது அல்ல. நோய்க்கிருமி முட்டைக்குள்ளேயே இருந்திருந்தால், அதே பண்ணையின் முட்டை மறுநாள் வேறொரு கடைக்கும், விடுதிக்கும், வீட்டுக்கும் சென்றிருக்கும். கடையை மூடுவது ஒரு வேளை ஆபத்தை நிறுத்தும். பண்ணையைக் கண்டறிவதே நோய்ப் பரவலை நிறுத்தும். அந்தத் தேடல் எவ்வாறு நடைபெறுகிறது, இந்தியாவில் அது எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒவ்வாமை அல்ல, நச்சுத்தன்மை

முதலில் ஒரு சொல் பற்றிய விளக்கம் தேவைப்படுகிறது. கெட்டுப்போன உணவால் பலர் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுவதை ‘உணவு ஒவ்வாமை’ என எழுதும் வழக்கம் தமிழ்ச் செய்திகளில் பரவலாக உள்ளது. இது பிழையான சொல்லாட்சி. ஒவ்வாமை என்பது ஒருவரது உடல் குறிப்பிட்ட உணவை ஏற்காத நிலை. அவ்வுணவில் குறை ஏதும் இருக்க வேண்டியதில்லை. கிருமியாலோ நச்சுப்பொருளாலோ மாசடைந்த உணவு உண்டவரைப் பாதிப்பது ‘உணவு நச்சுத்தன்மை’. முதலாவதில் குறை தேட யாரும் இல்லை. இரண்டாவதில் பொறுப்பேற்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். தலைப்பில் சொல் மாறும்போது அந்தப் பொறுப்பும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

முட்டைக்குள் கிருமி நுழையும் வழி

முட்டை வழியாகப் பரவும் நோய்க்கிருமிகளில் முதன்மையானது சால்மோனெல்லா; அதிலும் ‘என்டெரிடிடிஸ்’ என்னும் வகை. இது இரண்டு வழிகளில் முட்டையை அடைகிறது. கோழியின் எச்சம் ஓட்டின் மீது படிந்து, ஓட்டிலுள்ள நுண்துளைகள், கீறல்கள் வழியாக உள்ளே செல்வது முதல் வழி. தொற்றுள்ள கோழியின் சினைப்பையிலோ கருக்குழாயிலோ கிருமி குடியேறி, ஓடு உருவாவதற்கு முன்பே உள்ளே அடைபட்டுவிடுவது இரண்டாவது வழி. இரண்டாவது வகை முட்டையை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. பார்வைக்கும் மணத்துக்கும் அது நல்ல முட்டையாகவே இருக்கும்.

கோழியைப் பார்த்தும் கண்டுபிடிக்க இயலாது. கோழிகளை நோயுறச் செய்து கொல்லும் சால்மோனெல்லா வகைகள் வேறு. என்டெரிடிடிஸ் தொற்றிய கோழி பெரும்பாலும் நலமாகவே தோன்றும். வழக்கம்போல் தீவனம் உண்டு முட்டையிடும். ஆகவே பண்ணையாளருக்கு நட்டமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. எலிகள், ஈக்கள், மாசடைந்த தீவனம், தாய்ப்பண்ணையிலிருந்து வரும் குஞ்சுகள் ஆகியவை வழியாகக் கிருமி ஒரு கொட்டகையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது.

இத்தகைய முட்டைகள் அரிதானவை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உள்ளே கிருமி கொண்டது 20,000 முட்டைகளில் ஒன்று. இந்த விகிதம் இந்தியாவுக்குப் பொருந்தும் எனக் கொள்ள முடியாது. கணக்கைப் புரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்தலாம். வீட்டில் இரண்டு முட்டைகளை உடைப்பவருக்கு 20,000-இல் ஒன்று என்பது கவலைக்குரிய எண் அல்ல. நாள்தோறும் 500 முட்டைகளை உடைத்து ஒரே பாத்திரத்தில் ஊற்றும் சமையலறையோ, அதே விகிதத்தில், சராசரியாக 40 நாளைக்கு ஒருமுறை அந்த முட்டையைச் சந்திக்கும். அன்று அதன் கிருமி மற்ற 499 முட்டைகளோடும் கலந்துவிடும். அந்தக் கலவை வேகவைக்கப்படாமல், குளிரூட்டப்படாமல் சில மணி நேரம் இருந்தால் கிருமி பன்மடங்கு பெருகும். மயோனைஸ் ஆபத்தான பண்டமாகக் கருதப்படுவதற்கு இதுவே காரணம்.

மருத்துவமனை வாசலில் தொடங்கும் விசாரணை

சால்மோனெல்லா உடலில் நுழைந்தவருக்கு 6 மணி நேரம் முதல் 6 நாள்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு தோன்றும். பெரும்பாலோர் 4 முதல் 7 நாள்களில் குணமடைவர். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்குக் கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அறிகுறி தோன்றிய நேரமே முதல் தடயம். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் பலரும் வாந்தி எடுத்தால், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா முன்கூட்டியே உணவில் உண்டாக்கிய நச்சின் மீதே ஐயம் எழும். ஒரு நாள் கழித்துக் காய்ச்சலுடன் பேதி தொடங்கினால் சால்மோனெல்லா முன்னிலைக்கு வரும். நோயுற்றோர் எண்ணிக்கையை மணி வாரியாக வரைபடமாக்கினால், ஒரே விருந்தால் வந்த நோய் ஒற்றை முகடாகவும், தொடர்ந்து விற்பனையாகும் பொருளால் வரும் நோய் வாரக்கணக்கில் நீளும் மேடாகவும் தெரியும்.

அடுத்தது, எந்த உணவு என்ற கேள்வி. இங்கு நோயுற்றோரை மட்டும் விசாரித்தால் விடை கிடைக்காது. நலமாக இருப்போரையும் விசாரிக்க வேண்டும். ஒரு விருந்துக்கு 200 பேர் வந்ததாகக் கற்பனை செய்துகொள்வோம். அவர்களில் 64 பேர் நோயுற்றனர். கோழிக்கறி சாப்பிட்ட 150 பேரில் 50 பேருக்கும், சாப்பிடாத 50 பேரில் 14 பேருக்கும் பாதிப்பு. விகிதம் 33 சதவீதம், 28 சதவீதம். பெரிய வேறுபாடு இல்லை. மயோனைஸ் தொட்டுக்கொண்ட 120 பேரில் 60 பேருக்கும், தொடாத 80 பேரில் 4 பேருக்கு மட்டுமே பாதிப்பு. 50 சதவீதம், 5 சதவீதம். பத்து மடங்கு வேறுபாடு. ‘நோயுற்றவர்களில் 50 பேர் கோழிக்கறி சாப்பிட்டிருந்தனர்’ என்ற தகவல் மட்டும் செய்தியாக வெளிவந்தால், பழி கோழிக்கறியின் மீது விழுந்திருக்கும்.

ஆய்வகம் இல்லாமல் இந்த முடிவை உறுதிசெய்ய இயலாது. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் சவர்மா சாப்பிட்ட மாணவி ஒருவர் உயிரிழந்த நிகழ்வில், பாதிக்கப்பட்டோரிடம் ஷிகெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டதாக அம்மாநிலச் சுகாதாரத் துறை தெரிவித்தது. ஷிகெல்லா பெரும்பாலும் மனிதரின் கழுவாத கைகள், மாசடைந்த நீர் வழியாகப் பரவுவது. கிருமி எது என்பது தெரிந்தால்தான் விசாரணை கோழிப்பண்ணைக்குச் செல்ல வேண்டுமா, கைகழுவும் தொட்டிக்குச் செல்ல வேண்டுமா என்பது தெளிவாகும்.

2010: 55 கோடி முட்டைகள்

முட்டை வழியாகப் பரவிய நோயின் தடத்தைப் பின்தொடர்ந்த விசாரணைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று 2010-இல் அமெரிக்காவில் நடைபெற்றது. அந்நாட்டில் நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்படும் சால்மோனெல்லாவின் மரபணு அடையாளத்தைப் பொதுச் சுகாதார ஆய்வகங்கள் ‘பல்ஸ்நெட்’ என்னும் தேசிய வலையமைப்பில் பதிவு செய்கின்றன. அவ்வாண்டு மே மாதத்தில், என்டெரிடிடிஸின் ஒரு குறிப்பிட்ட அடையாளம் வழக்கத்தை மீறி அதிகரிக்கத் தொடங்கியது. வாரத்துக்குச் சுமார் 50 என்றிருந்த பதிவுகள், ஜூன் இறுதி, ஜூலை தொடக்கத்தில் 200 வரை உயர்ந்தன.

சிக்கல் என்னவெனில், அந்த அடையாளமே அந்நாட்டில் மிகவும் பொதுவானது. ஆயிரம் பேர் கூடியுள்ள இடத்தில் ‘வெள்ளைச் சட்டை அணிந்தவர்’ என்று ஆளைத் தேடுவதற்கு ஒப்பானது இது. ஆய்வகத் தகவல் மட்டும் போதாமற்போகவே, பழைய முறையே கைகொடுத்தது. கலிஃபோர்னியா, கொலராடோ, மின்னசோட்டா முதலிய மாநிலங்களின் அதிகாரிகள், ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளிகள் சாப்பிட்ட உணவகங்களையும் நிகழ்ச்சிகளையும் தேடிப் பட்டியலிட்டனர். 11 மாநிலங்களில் இத்தகைய 29 இடங்கள் கிடைத்தன. ஒவ்வொரு உணவகமும் யாரிடம் முட்டை வாங்கியது, அந்த விநியோகஸ்தருக்கு அது எங்கிருந்து வந்தது என்பது ரசீதுகளைக் கொண்டு பின்னோக்கித் தேடப்பட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 15 இடங்களின் தடங்கள் அயோவா மாநிலத்தின் கால்ட் என்னும் ஊரிலுள்ள ‘ரைட் கவுன்டி எக்’ நிறுவனத்தில் சென்று கூடின.

ஒரு உணவகத்தின் ரசீது ஒரு பண்ணையைச் சுட்டினால் அது தற்செயலாக இருக்கலாம். பதினைந்து உணவகங்களின் ரசீதுகள் ஒரே பண்ணையைச் சுட்டுவதைத் தற்செயல் எனத் தள்ளிவிட முடியாது. தடம் தேடும் பணியின் அடிப்படை இதுவே.

ஆகஸ்ட் 13-ஆம் தேதி அந்நிறுவனம் 22.8 கோடி முட்டைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஐந்து நாள்களில் அந்த எண்ணிக்கை 38 கோடியாக உயர்ந்தது. ஆகஸ்ட் 20 அன்று, அதே மாநிலத்தின் ‘ஹில்லண்டேல் ஃபார்ம்ஸ்’ நிறுவனம் மேலும் 17 கோடி முட்டைகளைத் திரும்பப் பெற்றது. இரு நிறுவனங்களுக்கும் இளங்கோழிகளும் தீவனமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பது பின்னர் தெரியவந்தது.

அந்த முட்டைகள் லூசர்ன், சன்ஷைன், டச்சு ஃபார்ம்ஸ், கெம்ப்ஸ் எனப் பல பெயர்களில் விற்பனையாகியிருந்தன. கடையில் ஒரு பெயரைத் தவிர்த்து வேறு பெயரை வாங்கியவரும் அதே பண்ணையின் முட்டையையே வாங்கியிருக்கக்கூடும். எனவே நுகர்வோரிடம் பெயரைப் பார்க்க வேண்டாம், பெட்டியின் ஓரத்தில் அச்சிடப்பட்ட எண்ணைப் பாருங்கள் எனக் கூறப்பட்டது. முட்டையைப் பெட்டியில் அடைத்த ஆலையின் எண்ணும், ஆண்டின் எத்தனையாவது நாளில் அடைக்கப்பட்டது என்ற மூன்றிலக்க எண்ணும் அதில் இருக்கும். ஆலை எண் 1026, 1413, 1946. நாள் எண் 136 முதல் 225 வரை என்பதே முதல் அறிவிப்பின் சாரம். 136 என்பது மே 16. 225 என்பது ஆகஸ்ட் 13. வாங்கிய பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலே, அதிலுள்ள முட்டையைச் சாப்பிடலாமா, கூடாதா என்பதை ஒருவர் அறிந்துகொள்ள முடிந்தது.

எஃப்டிஏ எனப்படும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் பண்ணைக்குச் சென்றபோது, கொட்டகைகளுக்கு அடியில் 4 முதல் 8 அடி உயரத்துக்கு எச்சம் குவிந்திருந்ததையும், எலிகள், ஈக்கள், புழுக்கள் நிறைந்திருந்ததையும் பதிவு செய்தனர். பண்ணையின் சுற்றுப்புற மாதிரிகளிலும் தீவனத்திலும் சால்மோனெல்லா இருந்தது. அதன் மரபணு அடையாளம் நோயாளிகளிடம் கண்டதோடு ஒத்துப்போனது. நோயாளி, ரசீது, பண்ணை ஆகிய மூன்றும் இணைந்த பின்னரே வழக்கு உறுதியானது.

1,939 பேரின் நோய் இப்பரவலுடன் தொடர்புடையதாக இருக்கக்கூடும் என நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் கணக்கிட்டது. ஆய்வகத்தில் உறுதியாகும் ஒவ்வொரு சால்மோனெல்லா நோயாளிக்கும் சுமார் 30 பேர் கணக்கில் வராமல் போகின்றனர் என்பது அம்மையத்தின் மதிப்பீடு. எனவே உண்மையில் பாதிக்கப்பட்டோர் 56,000 பேர் வரை இருக்கலாம் என்று நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

வழக்கில் ‘குவாலிட்டி எக்’ நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தரக் குறைவால் நிறுத்திவைக்கப்பட்ட முட்டைகளை விற்பதற்காக வேளாண் துறை ஆய்வாளருக்குக் கையூட்டு கொடுத்தது, முட்டைப் பெட்டிகளில் பொய்யான தேதிகளை அச்சிட்டது ஆகியவையும் அக்குற்றங்களில் அடங்கும். 2015 ஏப்ரலில் நிறுவனத்துக்குச் சுமார் 68 லட்சம் டாலர் அபராதமும், அதன் உரிமையாளர் ஆஸ்டின் டிகோஸ்டர், அவருடைய மகன் பீட்டர் டிகோஸ்டர் ஆகியோருக்குத் தலா மூன்று மாதச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டன. முட்டைகளில் கிருமி இருந்தது தங்களுக்குத் தெரியாது என்று இருவரும் மேல்முறையீடு செய்தனர். தடுக்கும் பொறுப்பிலும் அதிகாரத்திலும் இருந்தவர்கள் என்பதே போதுமானது என்ற அடிப்படையில் தண்டனை உறுதி செய்யப்பட்டது. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது.

டேங்கர் லாரியில் கிடைத்த விடை

தடம் எப்போதும் பண்ணையில் முடிவதில்லை என்பதற்கு 1994-ஆம் ஆண்டு நிகழ்வு சான்று. மின்னசோட்டா மாநிலத்தில் திடீரென அதிகரித்த என்டெரிடிடிஸ் தொற்று, ‘ஷ்வான்ஸ்’ நிறுவனத்தின் ஐஸ்கிரீமுடன் தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது. ஐஸ்கிரீம் கலவை முறையாகச் சூடாக்கிக் கிருமி நீக்கப்பட்டதுதான். ஆயினும் ஆலைக்கு அதைக் கொண்டுவந்த டேங்கர் லாரிகள், அதற்கு முன்னர் கிருமி நீக்கப்படாத திரவ முட்டையை ஏற்றிச் சென்றவை. கலவை ஆலையில் மீண்டும் சூடாக்கப்படவில்லை. நாடு முழுவதும் 2,24,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். லாரியின் முந்தைய சுமை என்ன என்பது எங்கோ எழுதப்பட்டிருந்ததால்தான் இந்த விடை கிடைத்தது.

பண்ணையிலேயே தடுக்கும் முறைகள்

அமெரிக்காவின் முட்டைப் பாதுகாப்பு விதி 2010 ஜூலை 9 அன்று, அதாவது நோய்ப் பரவல் உச்சத்தில் இருந்த வேளையில், 50,000-க்கும் அதிகமான கோழிகள் கொண்ட பண்ணைகளுக்கு நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு முன்னர் வந்திருந்தால் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கோழிகளின் 40 முதல் 45 வார வயதில் கொட்டகையின் எச்சத்திலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என அவ்விதி கூறுகிறது. அதில் கிருமி தென்பட்டால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,000 முட்டைகள் வீதம் நான்கு முறை சோதிக்க வேண்டும். முட்டையிலும் கிருமி இருந்தால் அவற்றை ஓட்டுடன் விற்க முடியாது; வெப்பத்தால் கிருமி நீக்கும் ஆலைக்கு அனுப்ப வேண்டும். அழிக்க வேண்டியதில்லை என்பதால், உண்மையை மறைக்கும் தூண்டுதல் பண்ணையாளருக்குக் குறைகிறது. இட்ட 36 மணி நேரத்துக்குப் பிறகு முட்டை 7 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும் என்பதும் அவ்விதியின் ஒரு பகுதி.

பிரிட்டனின் அனுபவம் வேறு. 1988 டிசம்பரில், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டுள்ளது என்று இளநிலைச் சுகாதார அமைச்சர் எட்வினா கறி கூறினார். முட்டை விற்பனை சரிந்தது, பண்ணையாளர்கள் கொதித்தெழுந்தனர், இரண்டு வாரங்களில் அவர் பதவி விலகினார். அவரது சொற்கள் மிகையானவை என்றாலும் அச்சம் ஆதாரமற்றதல்ல. 1998 முதல், சிங்க முத்திரை பெறும் முட்டைகளுக்கு, கோழிகளுக்குச் சால்மோனெல்லா தடுப்பூசி போடப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனையானது. நோய் படிப்படியாகக் குறைந்ததைத் தொடர்ந்து, 2017 அக்டோபரில், அந்த முத்திரை கொண்ட முட்டைகளை முழுமையாக வேகாத நிலையிலும் கர்ப்பிணிகளும் முதியோரும் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை அறிவித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் முட்டையின் ஓட்டிலேயே குறியீடு அச்சிடப்படுகிறது. முதல் எண் வளர்ப்பு முறையைக் காட்டும். 0 என்றால் இயற்கை வேளாண்மை, 3 என்றால் கூண்டு. அடுத்துள்ள எழுத்துகள் நாட்டையும், அதையடுத்த எண்கள் பண்ணையையும் குறிக்கும். பெட்டியை எறிந்துவிட்டாலும், உடைந்த ஓடு பண்ணையின் முகவரியைச் சொல்லிவிடும்.

இந்தியாவில் அறுபடும் இழை

மத்திய கால்நடைத் துறையின் புள்ளிவிவரப்படி 2023-24-இல் நாட்டின் முட்டை உற்பத்தி 14,277 கோடி. நாளொன்றுக்குச் சுமார் 39 கோடி. ஆந்திரப் பிரதேசம் முதலிடத்திலும் தமிழ்நாடு இரண்டாமிடத்திலும் உள்ளன. இவற்றில் பெரும்பகுதி 30 முட்டைகள் கொண்ட அட்டைகளில், முத்திரையோ தேதியோ இல்லாமல், குளிரூட்டப்படாமல் கடைகளைச் சென்றடைகிறது. மொத்த வியாபாரியின் கிடங்கில் பல பண்ணைகளின் அட்டைகள் ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கப்படுகின்றன. சில்லறைக் கடையில் எண்ணிக் கட்டித் தரப்படும் ஆறு முட்டைகள் எந்தப் பண்ணையில் இடப்பட்டவை என்பதைக் கடைக்காரராலும் சொல்ல இயலாது.

சட்டமும் பண்ணை வாசலில் நின்றுவிடுகிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன் பிரிவு 18, உட்பிரிவு 3, விவசாயிக்கும் விவசாயப் பணிகளுக்கும் கால்நடைக்கும் அச்சட்டம் பொருந்தாது எனக் கூறுகிறது. சிறு விவசாயியை உரிமம், ஆய்வு ஆகிய சுமைகளிலிருந்து காக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் இலட்சக்கணக்கான கோழிகள் கொண்ட பண்ணையும், வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி வளர்ப்பவரும் இந்த விதிவிலக்கின் முன் ஒன்றாக நிற்கும்போது, விசாரணையின் கடைசிப் படி வழுக்கிவிடுகிறது.

அதே சட்டத்தின் பிரிவு 35, உணவு நச்சுத்தன்மை நிகழ்வுகளை மருத்துவர்கள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என ஆணையிடும் அதிகாரத்தை அளிக்கிறது. 2004-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் மாவட்டந்தோறும் நோய்ப் பரவல்களைத் திரட்டுகிறது. 2021 முதல் அது இணையவழித் தளமாகவும் இயங்குகிறது. உணவு நச்சுத்தன்மையும் கடும் வயிற்றுப்போக்கும் அதில் இடம்பெறும் நோய் வகைகள். எனவே கண்காணிப்பு அமைப்பே இல்லை எனக் கூற இயலாது. பேதியுடன் வருவோருக்கு மலப் பரிசோதனை இன்றி நுண்ணுயிர்க் கொல்லி மருந்து கொடுத்தனுப்பும் வழக்கத்தால், கிருமி எது என்பது பதிவாவதற்கு முன்பே தடயம் மறைவதே பெரிய இடையூறு.

காலமும் ஒரு தடை. உணவுப் பகுப்பாய்வாளர் தமது அறிக்கையை 14 நாள்களுக்குள் அளிக்க வேண்டும் என்கிறது பிரிவு 46. அந்த 14 நாள்களில் குறித்த பண்ணையின் முட்டைகள் விற்றுத் தீர்ந்திருக்கும். உணவகத்தில் மீந்த மயோனைஸ் முதல் நாளே கொட்டப்பட்டிருக்கும்.

இதன் விளைவை அனுபவிப்பவர்கள் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரே. பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறையும் 10 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப் பிரிவு 59 இடமளிக்கிறது. உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத இழப்பீடு கிடைக்கப் பிரிவு 65 வழிசெய்கிறது. இவ்விரண்டுக்கும், இந்த உணவால்தான் இந்த மரணம் நேர்ந்தது என்ற நிரூபணம் தேவை. மல மாதிரியும், உணவு மாதிரியும், கொள்முதல் ரசீதும் இல்லாத வழக்கில் கடைக்குப் பூட்டு மட்டுமே விழும்.

நுகர்வோர் செய்யக்கூடியவை

மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் முழுமையாக இறுகும்வரை வேகவைத்த முட்டையில் சால்மோனெல்லா உயிர்வாழாது. முட்டை சேர்த்த பண்டத்தின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும். தமிழ்நாட்டு உணவகங்களில் விரும்பிக் கேட்கப்படும் ஆஃப் பாயிலும் கலக்கியும் இந்த அளவை எட்டுவதில்லை. நலமான இளைஞர் ஒருவர் அதைச் சாப்பிடுவது அவரது விருப்பம். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அதைத் தருவது தவிர்க்கப்பட வேண்டியது. விலை குறைவாகக் கிடைக்கும் கீறல் விட்ட முட்டைகளை வாங்காதிருப்பது நல்லது. முட்டையைக் கழுவி ஈரத்துடன் அடுக்கி வைப்பதால், அதன் மேற்பூச்சு கரைந்து கிருமி உள்ளே செல்ல வழி உண்டாகிறது.

வெளியில் சாப்பிட்டுப் பாதிக்கப்பட்டோர், கடந்த மூன்று நாள்களில் எங்கு, எப்போது, என்ன சாப்பிட்டோம் என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துக்கொள்வது விசாரணைக்குப் பெரிதும் உதவும். உடன் சாப்பிட்டு நலமாக இருப்பவரின் பட்டியலும் அதே அளவுக்கு முக்கியம். மருந்து தொடங்கும் முன் மலப் பரிசோதனை செய்யுமாறு மருத்துவரைக் கேட்கலாம். மீந்த உணவைக் கொட்டிவிடாமல் மூடி, தனியாகக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, கடை ரசீதுடன் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைக்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலி வழியாகவும் புகார் அளிக்கலாம். கடையின் உரிம எண் ரசீதிலேயே 14 இலக்கங்களில் அச்சிடப்பட்டிருக்கும்.